எதிர்த்தரப்பில் என் தம்பி கேரி

1

எங்கள் தொழிற்சங்க அலுவலகத்தில் என்னைச் சுமதி என்று யாரும் கூப்பிடுவதில்லை. 'சிறுசேரி' என்கிறார்கள். போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், "அது உங்கள் குடும்பப் பெயரா?" என்று மரியாதையாகக் கேட்டாள். "இல்லையம்மா, அது எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மாதம் எங்கள் வேலை ஒப்பந்தம் முடிகிறது, மறுபடியும் கம்பெனியோடு பேச உட்கார வேண்டும், அதனால் அவளை உட்காரவைத்துப் பழைய கதையைச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னதால் பாதி ருசி போய்விட்டது. மீதிப் பாதிக்காக இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

குடும்பப் பெயர் என்ற பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் வந்து இறங்கிய அன்றைக்குக் குடியேற்ற அதிகாரி அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல்தான் உண்டு என்றேன். எஸ் என்றால் என்ன என்றார். சாமிநாதன், என் அப்பா என்றேன். அவர் திருப்தியாக எழுதிக்கொண்டார். அன்று முதல் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் "மிஸ்டர் சாமிநாதன்!" என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். பிரசவ வார்டில்கூட அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள்.

2

அந்த அப்பா கல்பாக்கத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவர். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியேறியவர். ரிட்டயரான பிறகு பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டார். நானும் அம்மாவும் கும்பகோணத்துப் பேச்சைக் காப்பாற்றி வைத்திருந்தோம். என் தம்பி கோபி மட்டும் புதுப்பட்டினத்துப் பையன்களோடு கடற்கரையில் கிடந்து, "இன்னாப்பா, சோறு ஆயிடுச்சா?" என்று அப்பாவிடமே கேட்பான். அப்பா சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

நான் தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி டொராண்டோவுக்கு வந்தேன். ஒரு விமானக் கம்பெனியில், போனில் டிக்கெட் பதிவு செய்யும் வேலை கிடைத்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. முதல் வாரத்தில் ஒரு பெண்மணி, மகளைப் பார்க்கச் சீக்கிரமே போக வேண்டும் என்றார். "தாராளமாக மேடம், உங்கள் பயணத்தை ப்ரீபோன் செய்துவிடட்டுமா?" என்றேன். போஸ்ட்போன் என்று ஒன்று இருந்தால் ப்ரீபோன் என்று ஒன்று இருந்துதானே ஆக வேண்டும்? எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தை. அந்த அம்மாள் பயந்த குரலில், "அதற்கு நான் என் டாக்டரைக் கேட்க வேண்டும்" என்றார்.

பக்கத்து மேசையில் இருந்த டோரீன் சிரித்த சிரிப்பில் அவளுடைய ஹெட்செட் கழன்று விழுந்தது. டோரீன் கனடாவின் கிழக்குக் கோடித் தீவில் ஒரு மீன்பிடி கிராமத்துக்காரி. அவள் பேசும் ஆங்கிலத்தை டொராண்டோக்காரர்கள் கேலி செய்வார்கள். அதனால்தானோ என்னவோ, என்னை அவள் கேலி செய்யவில்லை. சிரித்து முடித்துவிட்டு, அந்த வார்த்தைக்கு இங்கே என்ன சொல்வார்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். அவள்தான் எங்கள் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தலைவி.

3

அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு விமானங்கள் காலியாகப் பறந்தன. கம்பெனி சிக்கனம் பிடிக்க ஆரம்பித்தது. முதலில் பயணிகளின் தலையணை போனது. அடுத்து எங்கள் ஓய்வறையின் பிஸ்கட் போனது. பிஸ்கட்டுக்கே ஒரு கூட்டம் போட்டுக் கத்தினோம். அதோடு நிற்கும் என்று நினைத்தோம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோதுதான் தெரிந்தது, அடுத்துப் போகப்போவது நாங்கள். டெலிபோன் வேலை முழுவதையும் வெளியே, இந்தியாவில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாகத் திட்டம்.

"இடத்தின் பேர் சிரு... சிருஸ்ஸெரி. உனக்குத் தெரியுமா?" என்று டோரீன் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பெரிய உலகத்தில், கம்பெனிக்கு என் அம்மா வீட்டுக்குப் போகும் வழிதான் கிடைத்ததா! நான் ஊரை விட்டு வரும்போது அந்தப் பக்கம் முள்ளுக்காடும் உப்பளமும்தான். இப்போது கண்ணாடிக் கட்டிடம் கட்டுகிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அடுத்த நாள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கேன்டீனில் நான் போய் உட்கார்ந்த மேசையில் பேச்சு அடங்கியது. அந்த வேலைகளை நானே என் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பியதுபோல் இரண்டு பேர் பார்த்தார்கள். என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை அப்போதுதான் மூடியிருந்தது. வீடு என் சம்பளத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த வேலை போனால் அவர்களுக்கு என்னவோ, அதேதான் எனக்கும். அதை எந்த முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்வது?

அந்த வாரச் சனிக்கிழமை அம்மா போனில் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னாள். "கோபிக்கு வேலை கிடைச்சிடுச்சுடி! சிறுசேரியில. போன்ல பேசற வேலையாம். பேரைக்கூட மாத்திட்டாங்க. கேரியாம். உங்க அப்பா ரெண்டு நாளா அவனோட பேசல."

"எந்தக் கம்பெனிம்மா?"

அம்மா சொன்னாள். எங்கள் வேலையை எடுத்துக்கொள்ளப்போகும் அதே கம்பெனி.

"ஒண்ணே ஒண்ணுதான் குறை" என்றாள் அம்மா. "ராத்திரி பூரா வேலை. சாயங்காலம் கார் வந்து அள்ளிட்டுப் போகுது, விடிஞ்சப்புறம் கொண்டுவந்து போடுது. பகல்ல பொணம் மாதிரி தூங்கறான். செங்கல்பட்டுல ஒரு இடம் கூடிவந்துச்சு. ராத்திரி வேலைன்னதும் பொண்ணு குடுக்க மாட்டோம்னுட்டாங்க."

என் மகள் காவ்யா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பாட்டியிடம் போனைக் கொடுத்தால் "ஹாய்" என்பாள், அதற்கு மேல் மூச்சுவிட மாட்டாள். அன்று நான் கணவரிடம் ஆங்கிலமும் தமிழுமாக விஷயத்தைச் சொல்லி முடித்ததும், அவள் ரொம்ப யோசித்து ஒரு முழுத் தமிழ் வாக்கியம் சொன்னாள். மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம். "அம்மா, மாமா நம்ம வேலையை சாப்ட்டுட்டாரா?"

சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இலக்கணம் சரியாக இருந்தது.

4

டோரீன் என்னைப் பேச்சுவார்த்தைக் குழுவில் சேர்த்தாள். கேன்டீன்காரர்கள் பார்த்த பார்வைக்கு அதுதான் அவளுடைய பதில். "அந்த ஊரைத் தெரிந்த ஒருத்தி நம் பக்கம் இருக்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் நீளமான மேசை. அந்தப் பக்கம் கம்பெனியின் ஆட்கள், நடுவில் பிரையன். நல்ல சட்டை போட்டு, நல்ல பற்கள் வைத்திருந்த மனிதர். வேலை போவதைப் பற்றிப் பேசும்போதுகூட வாழ்த்துச் சொல்வதுபோலவே பேசுவார். இந்தப் பக்கம் நாங்கள். டோரீன் மடியில் கம்பளிநூல் வைத்துப் பின்னிக்கொண்டிருப்பாள். கோபம் வந்தால் ஊசிகள் வேகமாக ஓடும். அதை வைத்துத்தான் நான் நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன்.

நாள்கணக்கில் பேசினோம். ஒன்றும் நகரவில்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு நம் வாடிக்கையாளர்களைப் புரியாது என்றோம். பிரையன் இதற்காகவே காத்திருந்தவர்போல் ஒரு ஸ்பீக்கர் போனை மேசை நடுவில் கொண்டுவந்து வைத்தார். "பயிற்சி முடித்த ஒரு குழு அங்கே தயாராக இருக்கிறது. நீங்களே ஒரு வாடிக்கையாளராகப் பேசிப் பாருங்கள். எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார்.

மணி அடித்தது. "வணக்கம், நான் கேரி. உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

சிறுசேரியில் எத்தனையோ கேரி இருக்கலாம். ஆனால் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் கேரி எனக்குத் தெரிந்து ஒருவன்தான். சின்ன வயதில் அதற்காக அவன் முதுகில் எத்தனை வைத்திருப்பேன்!

டோரீன் போனை என் பக்கம் தள்ளினாள். "நீ பேசு. கஷ்டமாகக் கேள்."

எனக்குத் தெரிந்த மிகப் பழைய கனடாக் கிழவியின் குரலை எடுத்துக்கொண்டேன். "நான் மிசஸ் ஹில், டியர். நானும் என் கணவரும் தண்டர் பே போக வேண்டும். அவருக்குச் சக்கர நாற்காலி. என்னோடு ஒரு கிளியும் வருகிறது."

கோபி அசரவில்லை. நாற்காலி மடக்குகிற மாதிரியா என்று கேட்டான். கிளிக்கூண்டின் அளவைக் கேட்டான். குளிர்காலத்தில் கிளியைச் சரக்குப் பகுதியில் அனுப்பாதீர்கள், இந்த விமானத்தில் போனால் உங்கள் காலடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றான். "கிளி பேசுமா மேடம்?" என்று கேட்டான். "நிறைய" என்றேன். "அப்படியானால் ஜன்னலோர இருக்கை கொடுக்கிறேன், வேடிக்கை பார்த்துக்கொண்டு பேசாமல் வரும்" என்றான். மேசையின் அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். இந்தப் பக்கத்திலும் ஒருவர் சிரித்துவிட்டார். டோரீனின் ஊசிகள் நின்றுபோயின.

என் தம்பி அவ்வளவு நன்றாக வேலை செய்தான். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதே நெஞ்சில் பயமும் இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அறையில் இருக்கும் எல்லார் வேலையையும் அவன் அந்தக் கிளியோடு சேர்த்து ஏற்றி அனுப்பிவிடுவான். அப்போதுதான் முந்தின சனிக்கிழமை அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் பகல் வேலை கிடைக்குமென்று கோபி எங்கோ பேசி வைத்திருக்கிறான் என்றாள்.

"நீ ரொம்ப நல்ல பையன், டியர்" என்றேன். "நான் வசந்த காலத்தில் திரும்பி வர வேண்டும். அப்போதும் நீயே எனக்கு டிக்கெட் போட்டுத் தருவாயா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பொய் சொல்லக் கூடாது மேடம். நான் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் இருப்பேன். அடுத்த கட்டிடத்துக்குப் போகிறேன்."

"அப்போது உனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்?"

"ராண்டியும் என்னோடுதான் வருகிறார், மேடம். இங்கே யாரும் ரொம்ப நாள் இருப்பதில்லை. ராத்திரி வேலை, பாருங்கள்."

பிரையன் எழுந்து வந்து போனை அணைத்தார். அவருடைய பற்களை அன்று மறுபடி பார்க்கவில்லை.

5

நாங்கள் தனி அறைக்குப் போனதும் டோரீனிடம் சொல்லிவிட்டேன். "அது என் தம்பி."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "சரி, இப்போது சொல். நீ யாருக்காகப் பேசுகிறாய்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனசு வேறு எங்கோ போய்விட்டது. ராத்திரி வேலை, ராத்திரி வேலை என்று அம்மாவும் சொல்கிறாள், கோபியும் சொல்கிறான். நம் ஆட்களும் அதையேதானே சொல்கிறார்கள்! எங்கள் டெலிபோன் அறையில் நடுராத்திரி ஷிப்டு யாருக்கும் பிடிக்காது. அதைத் தள்ளிவிடத்தான் புதிதாக வருகிறவர்களைத் தேடுவார்கள். நம் நடுராத்திரியில் அங்கே என்ன நேரம்? அம்மா சமையல் முடித்துவிட்டு என் போனுக்காக உட்கார்ந்திருக்கும் நேரம். நல்ல பகல். வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு போன் பண்ணும் எந்த மகளையும் கேளுங்கள், தூக்கத்தில்கூட இந்தக் கணக்கைச் சொல்வாள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த படித்த கனவான்கள் யாருக்கும் சொல்ல ஆளில்லை போலிருக்கிறது.

"நம் நடுராத்திரி ஷிப்டை மட்டும் அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்" என்றேன். "அவர்களுக்கு அது பகல் வேலை. யாரும் ஓடிப்போக மாட்டார்கள். நமக்கு ராத்திரி வேலை ஒழிந்தது. பகலில் யார் வேலையும் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வோம்."

டோரீன் ஊசியை எடுத்து மெதுவாக இரண்டு வரிசை பின்னினாள். "நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை" என்றாள். "பரவாயில்லை, வா."

அன்றே முடிந்துவிடவில்லை. கம்பெனி முரண்டு பிடித்தது. எங்களிலேயே ராத்திரி ஷிப்டுக்குக் கிடைக்கும் கூடுதல் படியை நம்பியிருந்த ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சம்பள உயர்வை நாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பிஸ்கட்டும் திரும்ப வரவில்லை. ஆனாலும் கடைசியில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. அதில் டோரீன் ஒரு வரியைச் சேர்த்திருந்தாள். சிறுசேரி ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது சங்க உறுப்பினர்களாகத்தான் இருக்க வேண்டும். பிரையன் களைத்துப் போயிருந்தார், படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரம் கோபியே போன் பண்ணினான். "இன்னாக்கா, கிளி எப்டி கீது?"

"டேய்! தெரிஞ்சா பேசினே?"

"பின்னே? 'டியர்'னு நீ இழுத்த பாரு, அப்பவே புடிச்சிட்டேன். ஊட்ல இட்லிக்கு மாவு இல்லன்னாலும் நீ அப்டித்தான் இழுப்ப."

"பொய் சொல்லாதே. தெரிஞ்சிருந்தா எப்படிடா அதைப் போய்ச் சொல்லுவே? வேலை போயிருக்குமே."

"நான் இன்னா பொய்யா சொன்னேன்? நீ கேட்ட, நான் சொன்னேன். மேனேஜர் கூப்ட்டு கத்திகினு இருந்தாரு. உள்ளதத்தான சொன்னேன் சார்னேன். இப்போ பகல் ஷிப்டாமே, அதான் நானும் ராண்டியும் போவல. ராண்டின்னா நம்ம ரங்கநாதன்க்கா."

அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காரணம் சொல்கிறான்.

6

பயிற்சி கொடுக்க டோரீனும் நானும் சிறுசேரிக்குப் போனோம். கம்பெனி செலவில் அம்மா வீட்டுக்கு வந்தவள் எங்கள் வம்சத்திலேயே நான்தான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

வகுப்பில் கோபி முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு என்னை "மேடம்" என்று கூப்பிட்டான். சஸ்கடூன், மூஸ்ஜா என்ற ஊர்ப் பெயர்களை ஐம்பது தடவை சொல்ல வைத்துப் பழிவாங்கினேன். டோரீன் அந்தப் பிள்ளைகளை முதலில் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். போனில் தன் கிராமத்துப் பேச்சை மறைத்து டொராண்டோ ஆங்கிலம் பேசக் கற்றதை அவர்களுக்குச் சொல்லப் போய், பேர் மாற்றிக்கொள்வதைப் பற்றி அவர்கள் சொல்லச் சொல்ல, இரண்டாம் வாரத்தில் அவர்களோடு சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஒரு மாலை மாமல்லபுரத்துக் கடற்கரையில் படகுகளுக்குப் பக்கத்தில் நின்று, வலையை மடிக்கிற ஆட்களிடம் கையசைவிலேயே ஏதோ விவாதம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவர்கள் முடிச்சுப் போடுவது தப்பாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் புதுப்பட்டினத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து கைகுலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா தோசை வார்த்துப் போட்டபடியே டோரீனை நன்றாகப் பார்த்தாள்.

"இவ வேலையைத்தான் நம்ம கோபி புடுங்கப் பாத்தானா?"

"ஆமாம்மா."

"பாவம்டி. நல்லவளா இருக்கா. வயசு வேற ஆயிடுச்சு. வேலை போயிருந்தா எங்க போவா?" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தோசையை அவள் தட்டில் போட்டாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று டோரீன் கேட்டாள்.

"சட்னி பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள்."

"சட்னிக்கு இவ்வளவு நீளமாகவா?" என்றாள் டோரீன். கோபி சிரித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். நான் அவனை முறைத்தேன். டோரீன் தோசையைக் கீழே வைத்தாள். "கொஞ்சத்தில் தப்பித்தேன் என்று சொல்" என்றாள்.

அதைத் தமிழில் சொன்னதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியோடு கோபி பக்கம் திரும்பினாள். "டேய், அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுடா."

"நான் இன்னாத்துக்குக் கேக்கணும்? நான் போன்தான எடுத்தேன். கேக்கறதுன்னா ரெண்டு கம்பெனியும் வந்து என்னாண்டையும் இவங்களாண்டையும் கேக்கட்டும்."

இதை நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். டோரீன் கோபியை ஏற இறங்கப் பார்த்தாள், டொராண்டோவில் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. "இவனை நம் பேச்சுவார்த்தைக் குழுவில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறதா?" என்றாள்.

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

"உன் பையனுக்கு ஒரு வேலை குடுக்கலாமான்னு பாக்கறாம்மா."

அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டோரீனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ராத்திரி வேலையா, பகல் வேலையா? அதை மொதல்ல கேளு."